அண்ணை போட்ட திகதி

என் அண்ணை சசிதரனுக்குக் கனடாவில் ஒரு நோய் பிடித்தது. வாழ்க்கையை ஒழுங்குபடுத்துகிற நோய். விடியற்காலையில் பச்சைத்தண்ணீரில் குளிப்பார், தின்பதையெல்லாம் நிறுத்துத் தின்பார், எந்த வயதில் வேலையை விடுவது, எந்த வயதில் எந்த நாடு பார்ப்பது எல்லாவற்றையும் கணினியில் போட்டு நிறம் தீட்டி வைத்திருப்பார். அதைத் தன்னோடு நிறுத்தியிருந்தால் எனக்கென்ன? உடுப்பிட்டியில் இருந்த அப்பாவையும் என்னையும் அதற்குள் இழுத்துப் போட்டுவிட்டார்.

ஒவ்வொரு ஞாயிறும் போனில் கூட்டம். அப்பாவின் சீனி வருத்தம் என்ன நிலை, காலையில் நடந்தாரா, புட்டுக்கு எவ்வளவு தேங்காய்ப்பூ போட்டாய் என்று கேட்பார். நான் ஒப்புவிக்க வேண்டும். அம்மா போன பிறகு அப்பாவைப் பார்த்தது நான்தான். அண்ணையின் திட்டத்தில் என் பெயருக்கு நேரே, இலக்கு என்ற இடத்தில், 'அப்பாவின் சுகம்' என்று எழுதியிருந்தது. முப்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு வேறொன்றும் வேண்டாமாம்!

எனக்கு வேண்டியிருந்தது. கொடிகாமத்தில் வாழைக்குலை வியாபாரம் செய்யும் ஜெயரூபன் என்னைப் பெண் கேட்டிருந்தார். மனைவியை இழந்தவர், சின்ன மகள் ஒருத்தி இருந்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் எங்கள் வீட்டுக்கு வந்துபோன அன்று எனக்குச் சமையலில் கை ஓடவில்லை. அவ்வளவு பிடித்திருந்தது.

"கலியாண எழுத்தை முடிச்சிட்டுக் கோயிலிலை தாலியைக் கட்டுவம். உம்மடை அப்பாவும் எங்களோடை வந்து இருக்கட்டும்," என்றார் அவர்.

அப்பா மசியவில்லை. "மாப்பிள்ளைத்தோழனா நிக்கிறது பொம்பிளையின்ரை சகோதரன். மகன் குத்துக்கல்லு மாதிரி இருக்க, ஆரோ ஒருத்தனைப் பிடிச்சு நிப்பாட்டச் சொல்லுறியோ? ஊர் சிரிக்கும், பிள்ளை."

அந்த ஞாயிறு அண்ணையிடம் ஜெயரூபனைப் பற்றிச் சொல்லிக் கேட்டேன். "ஆவணியிலை ஒருக்கா வாங்கோவன், அண்ணை."

"நல்ல விசயம்தானே! எனக்கும் சந்தோசம்," என்றார். "ஆனா ஆவணி சரிவராது. ஐப்பசியிலை எனக்கு மரதன் ஓட்டம். பயிற்சியை இடையிலை விட்டா எல்லாம் குழம்பிப்போம். தையிலை பாப்பம். இப்ப மஞ்சளிலை போடுறன்."

"மஞ்சள் எண்டா?"

"உறுதியில்லாதது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ரை கலியாணத்தை விட உங்கடை ஓட்டமோ பெரிசு?" என்று கத்தினேன்.

அப்பா போனைப் பறித்தார். "நீ ஓடு தம்பி. உவள் உப்பிடித்தான்."

ஜெயரூபன் பொறுத்தார். அண்ணை ஓடினார். கழுத்தில் பதக்கத்தோடு படமும் வந்தது. கார்த்திகையில் ஒரு காலை அப்பா கிணற்றடியில் விழுந்தார், எழும்பவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

அடுத்த விமானத்திலேயே அண்ணை வந்து இறங்கினார். செத்த வீட்டுக்கு மட்டும் லீவு கிடைக்கிறது, பாருங்கள். "என்ரை ஒழுங்கிலை இருந்தபடியால்தான் அப்பா இவ்வளவு காலம் தாக்குப்பிடிச்சவர்," என்று வந்த சனத்துக்கெல்லாம் விளக்கம் சொன்னார். மூன்று வேளையும் அளந்து சமைத்த நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஆட்டைத்திவசம் முடியும்வரை, ஒரு வருடத்துக்கு, வீட்டில் நல்ல காரியம் கூடாது என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டார்கள். அண்ணை தலையாட்டினார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஜெயரூபன் வந்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என்னிடம் வந்து நின்றார்.

"பள்ளிக்கூடம் போற பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னிவிட ஆளில்லை, மதுரா. என்ரை அக்கா வேறை இடம் பாத்திட்டா. இன்னும் ஒரு வருசம் என்னாலை ஏலாது. மன்னிச்சுக்கொள்ளும்."

இப்பவே வாறன், கூட்டிக்கொண்டு போங்கோ என்று வாய்வரை வந்தது. வீடு நிறையச் சனம். அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "ஓம்," என்று மட்டும் சொன்னேன்.

அண்ணை கனடாவுக்குத் திரும்பினார். மாசியில் ஒரு ஞாயிறு மறுபடியும் கூட்டம். தன் கணினித் திரையைப் போனில் எனக்குக் காட்டினார்.

"அப்பாவின்ரை பகுதியை எடுத்திட்டன், பிள்ளை. உனக்கு இனி நேரம் மிச்சம். இங்கை பார், ஆட்டைத்திவசம் முடிய, வாற தையிலை உன்ரை கலியாணம். பச்சையிலை போட்டிருக்கிறன். லீவும் எடுத்தாச்சு."

"ஆரோடை?"

"இதென்ன கேள்வி? ஜெயரூபனோடைதான்."

"அவருக்குப் போன கிழமை எழுத்து முடிஞ்சுது, அண்ணை. வேறை ஒருத்தியோடை."

விசையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. திரையில் ஜெயரூபன் என்ற பெயர் ஒவ்வொரு எழுத்தாக அழிந்தது.

"சரி, மாப்பிள்ளையின்ரை இடம் வெறுமையாக் கிடக்கட்டும்," என்றார். "திகதி அப்பிடியே நிக்கட்டும். எடுத்த லீவை இனி மாத்தேலாது."