ஊட்டுல ஒன்னுமில்லீங்க

மகன் சபரிநாதன் பைக் விபத்தில் போனதற்குப் பதினாறாம் நாள், மருதாசலமும் வசந்தாமணியும் ஆளுக்கொரு கேள்வி கேட்டுக்கொண்டார்கள். "வண்டி வாங்கிக் குடுத்தது யாரு?" என்றாள் அவள். "அந்த மழையில கடைக்கு அனுப்புனது யாரு?" என்றார் அவர். அத்தோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றாலும் குடும்பம் நடக்க வேண்டுமே. சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்சி. கணிதம் படிக்கும் மூத்தவள் கிருத்திகாவுக்கு அம்மாவிடமிருந்து போன் வரும்.

"கண்ணு, சோறு ஆறுது. உங்கப்பாவச் சாப்புடச் சொல்லு."

அவள் அப்பாவை அழைப்பாள். அவர் அதே திருச்செங்கோட்டு வீட்டில் பத்தடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார்.

"புளிக்கொழம்பா, ரசமான்னு கேளு சாமி."

"ஏன்டி, உங்க ஊட்டுக்கு நீதான் டவரா?" என்று அறைத்தோழி அனிதா கேலி செய்தபோது கிருத்திகாவும் சிரித்தாள். போகப்போக, வகுப்பு நடக்கும்போதும் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். எடுக்காவிட்டால் அங்கே யாரோ ஒருவர் பட்டினி. புத்தகத்தில் ஒரே வரியைப் பத்துத் தரம் படித்தாள். தம்பிக்காக உட்கார்ந்து அழக்கூட அவளுக்கு வாய்க்கவில்லை. காலையில் எழ முடியாமல் வகுப்புகள் போயின. வருகைப் பதிவு பாதிக்கும் கீழே இறங்கியது.

துறைத்தலைவர் உஷாராணி கூப்பிட்டு விசாரித்தார். கிருத்திகா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "பெத்தவங்க வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும்மா. வருகை குறைஞ்சதுக்கு அதையே காரணமா நான் எழுதிக் குடுக்கறேன், பரீட்சை எழுதிடலாம். டாக்டரையும் பாக்கலாம்."

இருவரும் வேறுவேறு பஸ்ஸில் வந்தார்கள்.

"வீட்டுல நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்லையாமே? பொண்ணு ரொம்ப உடைஞ்சு போயிருக்கா."

மருதாசலம் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஊட்டுல ஒன்னுமில்லீங்க."

"ஆமாங்க மேடம்," என்றாள் வசந்தாமணி உடனே. "நாங்க நல்லாத்தானுங்க இருக்கறோம். இவ சின்னதுலருந்தே தூங்குமூஞ்சிங்க."

"இவங்கம்மா இவ மூஞ்சில தண்ணி ஊத்தித்தான் எழுப்புவாளுங்க."

வசந்தாமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மருதாசலமும் சிரித்துவிட்டார். மகன் போன இந்த ஒன்பது மாதத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

"நீ என்னம்மா சொல்ற?" என்றார் உஷாராணி.

கிருத்திகா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் அங்கே இருந்தது. அதைத் துடைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"தூங்கிட்டனுங்க மேடம்."

உஷாராணி பேனாவை மூடினார். "அப்ப நான் எழுதறதுக்கு ஒன்னுமில்லை. இந்தத் தடவை பரீட்சை எழுத முடியாது."

பெற்றவர்கள் கும்பிட்டு எழுந்தார்கள். கிருத்திகாவால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை.