வேரில் கிடந்த காட்மியம்

சித்தப்பாவின் முலாம் பட்டறைக்குப் பின்னால் கழிவுநீர்க் குளம். குளம் நிறைய ஆகாயத்தாமரை. "விஷத் தண்ணியில செடி இப்படித் தளதளன்னு வளருமா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மார்தட்டுவார். அந்தப் பட்டறையில் ஒன்பது வருஷம் உழைத்து, குளத்தை ஒட்டிய கிணற்றுத் தண்ணீரைக் குடித்த என் அண்ணன் சிறுநீரகம் கெட்டுச் செத்தான். "குடிச்சுக் குடிச்சே கிட்னியைக் கெடுத்துக்கிட்டான்" என்று இழவு வீட்டிலேயே சொன்னார் சித்தப்பா. சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவன் அவன். அண்ணி அதை நம்பிவிட்டாள். என்னால் பொறுக்க முடியாதது அதுதான்.

எனக்கு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆய்வுக்கு ஆள் வருகிறது என்றால் சித்தப்பா முந்தின நாளே குளத்து நீரை மாற்றிவிடுவார். அண்ணன் உயிரோடு இருந்தபோது ஒருமுறை செடியையும் சோதித்தோம். வேரெல்லாம் சேறு என்று அலுத்துக்கொண்டு இலையை மட்டும் கிள்ளி வந்தவள் நான்தான். இலையில் பெரிதாக ஒன்றும் இல்லை. சித்தப்பாவுக்குச் சான்றிதழ் கிடைத்தது.

ஆகாயத்தாமரை கெட்டிக்காரச் செடி. முலாம் பூச உதவும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் காட்மியம் என்ற உலோகத்தை உறிஞ்சினாலும் பெரும்பகுதியை வேரிலேயே பூட்டி வைத்துக்கொள்ளும், இலைப்பக்கம் அதிகம் அண்டவிடாது. அப்படித்தான் அந்த நஞ்சிலும் பிழைத்துக் கிடக்கிறது. இதையெல்லாம் படித்திருந்தும் அன்றைக்குச் சோம்பல்பட்டேன். நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

அண்ணன் செத்து மூன்று வருஷம் கழித்து மறுபடியும் ஆய்வு வந்தது. இந்த முறையும் சித்தப்பா தண்ணீரைத்தான் மாற்றினார், செடியை மாற்றவில்லை. வேரை அறுத்து, பலமுறை அலசி, உலர்த்திப் பொடித்து, அமிலத்தில் கரைத்துக் கருவியில் கொடுத்தேன். திரையில் வந்த எண்ணைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். சொந்தக்காரர் விஷயம் என்பதால் மேலதிகாரி வேறொருவரை வைத்தும் சோதித்தார். அதே எண்தான் வந்தது. பட்டறைக்குப் பூட்டுப் போட அது தாராளம்.

சேதி எப்படியோ கசிந்து, சாயங்காலம் சித்தப்பா எங்கள் வீட்டுக்கே வந்து நின்றார்.

"அம்மாடி, அந்த ரிப்போர்ட்டை நிறுத்தி வை. உனக்கு என்ன வேணுமோ கேளு."

"அண்ணிகிட்ட உண்மையைச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்."

அண்ணி ஈரக்கையோடு சமையலறையிலிருந்து வந்தாள். சித்தப்பா தரையைப் பார்த்தபடி மென்று விழுங்கினார்.

"அவன் குடிக்கலம்மா. நான்தான் கதை கட்டிவிட்டேன். கிணத்துத் தண்ணிய நிறுத்துங்கன்னு அவனைப் பார்த்த டாக்டர் அப்பவே எங்கிட்ட சொன்னாரு. நான் கேக்கல."

அண்ணி சுவரில் இருந்த அண்ணன் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "மூணு வருஷமா தினமும் அவரு படத்துக்கு முன்னாடி நின்னு திட்டிக்கிட்டு இருந்தேனே" என்றாள்.

சித்தப்பா அவசரமாக என் பக்கம் திரும்பினார். "அதான் சொல்லிட்டேனே. ரிப்போர்ட்டு?"

"அது காலையிலேயே போயிடுச்சு சித்தப்பா."

அவர் முகம் சுண்டிப் போனதை அண்ணியும் நானும் நின்று நிதானமாகப் பார்த்தோம்.