திறக்காத அடுப்புக் கதவு

சோதனை அறையில் புது பேக்கரி அடுப்பு நன்றாகச் சூடேறியதும், கதவு திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை.

"கதவ டிசைன் பண்ணினது யாரு?" என்றார் மேலாளர்.

எல்லார் கண்களும் மாமா பக்கம் திரும்பின. அதே அலுவலகத்தில் கணினிக் கணக்கு பார்க்கும் சின்னவளின் அக்கா புருஷன். அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுவலகத்துக்கே மாமாவாகிவிட்டவர்.

"நான்தான் சார். ஓரத்துல இடைவெளிய கொஞ்சம் தாராளமா விட்டிருக்கணும்."

"சின்னவ இத கம்ப்யூட்டர்ல மாதிரி போட்டு ஓட்டிப் பார்த்தாளே?"

"அவ கணக்கு தப்பாது சார். வீட்ல உப்பையே அளந்து போடுற ஆளு."

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற சின்னவளுக்கு முகம் எரிந்தது. அவள் கொடுத்த அளவுக்குத்தான் அவர் இடைவெளி விட்டிருந்தார். அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

சூடு ஏறினால் இரும்பு விரியும். விரிந்தால் இடைவெளி குறுகும். குறுகினால் காற்று போக வழியில்லாமல் சூடு இன்னும் ஏறும். மூன்றையும் இணைத்து ஓட்டியபோதெல்லாம் கணக்கு பாதியில் படுத்துவிட்டது. அலுத்துப்போய் இணைப்பைத் துண்டித்துத் தனித்தனியாக ஓட்டினாள். சூடு பரவும் படம் வண்ண வண்ணமாக வந்தது. அப்புறம் இணைத்துக்கொள்ளலாம் என்றிருந்தவள், மேலாளர் அந்தப் படத்தைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டிய பிறகு வாயே திறக்கவில்லை.

"அடுத்த அடுப்ப வேற ஆள் பார்க்கட்டும்" என்றார் மேலாளர். மாமா தலையாட்டினார்.

சின்னவள் தன் மேஜைக்கு ஓடினாள். மூன்றையும் இணைத்து, சூட்டைத் துளித்துளியாக ஏற்றி ஓட்டினாள். அன்று பொறுமையில்லாமல் விட்ட வேலை இவ்வளவுதான். மதியம் திரையில் கதவின் மேல்மூலை விரிந்து சட்டத்தைக் கவ்வியது. சோதனை அறையில் கவ்விய அதே மூலை.

பின்னால் வந்து நின்ற மாமாவுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"விடும்மா. உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் சேர்த்து அர்ச்சனை."

அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு யாருக்கும் வரும். வேலை அவர்கிட்டயே இருக்கட்டும். ஆனா காலைல நான் அவரக் கேட்டப்போ, நீ பக்கத்துலதானேம்மா நின்னே?"

அவள் மடிக்கணினியை மூடினாள்.

வெளியே வந்தாள். மாமா சுவரிலிருந்த படத்தை, ஓரம் கிழியாமல், மெதுவாகப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார்.