அணைத்து வைத்த எச்சரிக்கை

அலுவலகத்தில் அவனுக்கு 'அவசரம்' என்றுதான் பெயர். மூன்று நாள் வேலையை ஒரே நாளில் முடிப்பான். மிச்ச இரண்டு நாளும் அதைச் சரிசெய்ய மற்றவர்களுக்குப் போகும். அப்பேர்ப்பட்டவன் கையில்தான் மேனேஜரம்மா அந்த லைப்ரரியை, அதாவது பொது நிரல் தொகுப்பை, கொடுத்தார். இரத்தப் பரிசோதனைக் கூடங்களில் ரிப்போர்ட் அச்சிடும் மென்பொருள்களுக்கெல்லாம் அடியில் ஓடுவது அது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் புதுப் பதிப்பு வரப்போகிறது. காலாவதி என்று அறிவிக்கப்பட்ட பழைய ஃபங்ஷன்கள், அதாவது சின்னச் சின்ன வேலைகளுக்கான ஆயத்த நிரல் துண்டுகள், அதில் இருக்காது. எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும்.

முதல் வேலையாக, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் வாயைக் கட்டியிருந்த ஒரு வரியை எடுத்தான். பழைய ஃபங்ஷன்களைப் பற்றி எச்சரிக்காதே என்று சொல்லும் வரி. எட்டு வருஷத்துக்கு முன் அதைப் போட்ட மகராசன் யார்? அவனேதான். எடுத்ததும் நாற்பத்தொரு எச்சரிக்கைகள் திரையில் மஞ்சள் மஞ்சளாக வந்து நின்றன.

இருபத்திரண்டை மதியத்துக்குள் மாற்றிவிட்டான். அடுத்ததில் கை நின்றது.

தற்காலிகக் கோப்புக்கு, யாரும் வைத்திராத பெயர் ஒன்றைத் தரும் ஃபங்ஷன் அது. பெயரை மட்டும்தான் தரும். கோப்பைத் திறந்து தராது. காலி நாற்காலியைக் கைகாட்டிவிட்டுப் போய்விடுகிற ஆள் மாதிரி. நாம் போய் உட்காருவதற்குள் வேறொருவர் உட்கார்ந்துவிடலாம். புதிய ஃபங்ஷனோ பெயர் வைத்த கையோடு திறந்தும் தந்துவிடும். அப்படியானால் பழையதில் இரண்டு ரிப்போர்ட்டுகள் ஒரே கோப்புப் பெயரில் போய் விழுந்திருந்தால்? பழைய தப்பு ஒன்று அவனுக்கு நினைவுக்கு வந்தது.

ஐந்து வருஷத்துக்கு முன் ஆரோக்கியமான ஒரு பெண்ணின் பெயரில் வேறு யாருடைய ரிப்போர்ட்டோ அச்சாகிவிட்டது. செத்துப்போவோம் என்றே இரண்டு நாள் அழுதிருக்கிறாள் அவள். யார் செய்த தப்பு என்று மேனேஜரம்மா கேட்டார். அடுத்த மேசையில்தான் அத்தான் இருந்தார், இவனுடைய சொந்த அக்காவின் கணவர். "அத்தான்தான் மேடம் கடைசியா தொட்டாரு" என்று வாய் கூசாமல் சொன்னான்.

"மாப்ள, நான் தொட்டது எழுத்தோட அளவை மட்டும்தான். அந்த வார்னிங்கையெல்லாம் ஒரு தடவை திறந்து பாரேன்" என்றார் அத்தான், கெஞ்சாத குறையாக.

"அது சும்மா கத்தும் அத்தான்."

எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். அத்தானுக்கு வேலை போயிற்று. பரிசோதனைக் கூடமும் ஒரே நேரத்தில் இரண்டு ரிப்போர்ட் அச்சிடுவதை நிறுத்திக்கொண்டது. தப்பு திரும்ப வரவே இல்லை. ஆள் போனார், தப்பும் போனது என்று எல்லோருக்கும் சந்தேகம் தீர்ந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

இப்போது பழைய ஃபங்ஷனை வைத்தே, ஒரு கணினியில் ரிப்போர்ட் மென்பொருளின் இரண்டு பிரதிகளை ஒன்றாக ஓடவிட்டான். ஒன்பதாயிரத்துச் சொச்சம் தடவை ஒழுங்காக வந்தது. அதற்கு அடுத்த தடவை, முதல் நோயாளியின் பெயருக்குக் கீழே இரண்டாம் நோயாளியின் இரத்தம் அச்சாகி இருந்தது.

"அடப்பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

மிச்சம் பத்தொன்பதையும் மாற்ற மூன்று நாள் எடுத்துக்கொண்டான், வாழ்க்கையில் முதல் தடவையாக. செய்த மாற்றங்களைப் பதியும் குறிப்பில், 'அன்றைய தப்புக்குக் காரணம் இதுதான். எச்சரிக்கையை அணைத்து வைத்தது நான்' என்று எழுதினான்.

"இதையெல்லாம் இப்ப எழுதணுமா?" என்றார் மேனேஜரம்மா.

"அப்பவே எழுதியிருக்கணும் மேடம்."

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனான். அத்தானுக்கு இப்போது பிரிண்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை. மை படிந்த விரல்களோடு அவன் பின்னாலேயே வந்து, கதவைத் தாழிட்டார்.

"நல்லா பூட்டினீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அக்கா வந்து, தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். ஐந்து வருஷமாக இப்படித்தான். அடுப்போ, குழாயோ, குழந்தையின் மருந்தோ, அத்தான் எதைத் தொட்டாலும் அக்கா பின்னாலேயே போய்ப் பார்ப்பாள். "இன்ஸ்பெக்டரம்மா வந்துட்டாங்க" என்று அவனே எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறான்! இன்று சிரிப்பு வரவில்லை.

அக்கா டீ போடப் போனதும், ஒன்று விடாமல் அத்தானிடம் சொன்னான். அத்தான் விரல் மையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நான் பண்ணலைன்னு எனக்குத் தெரியாதா மாப்ள?"

"மன்னிச்சிடுங்க அத்தான்."

"என்கிட்ட எதுக்கு? அவகிட்ட சொல்லு. அன்னைக்கு நானும் சொன்னேன், நீயும் சொன்னே. அவ உன்னைத்தான் நம்பினா."

டீயோடு வந்த அக்காவிடம் சொன்னான். அவள் தம்ளரைக் கீழே வைக்கவே இல்லை.

"அப்போ அவரு?"

"அவரு ஒண்ணுமே பண்ணலக்கா."

ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அவளோ தம்ளரைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். டீ குடிக்காமலே கிளம்பினான். அத்தான்தான் வாசல்வரை வந்து, "பார்த்துப் போ மாப்ள" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

இரண்டு படி இறங்கியிருப்பான். உள்ளே அக்காவின் குரல் கேட்டது.

"நல்லா பூட்டி..."

பாதியில் நின்றுவிட்டது. தாழ்ப்பாளை இழுக்கும் சத்தத்துக்காக அவன் படியிலேயே நின்றான். அது வரவில்லை. அக்கா அழுகிற சத்தம்தான் வந்தது.