விரல் போட்ட பிளான்

சங்கில் இருந்த பாலைக் கருத்தம்மாள் கணவரின் உதட்டோரம் சரித்தாள். பாதி உள்ளே போயிற்று. மீதி கன்னத்தில் வழிந்து தலையணையை நனைத்தது. அவள் முந்தானையால் ஒற்றி எடுத்தபோது, அவருடைய இடக்கையின் ஆள்காட்டி விரல் விரிப்பின்மேல் மறுபடியும் நகரத் தொடங்கியது.

கூத்தையா இராமநாதபுரத்து ஜில்லா போர்டு ஆபீசில் நெடுங்காலம் பிளான் வரைந்து ஓய்வுபெற்றவர். போன அமாவாசையன்று வந்த பக்கவாதம் வலப்பக்கத்தையும் பேச்சையும் ஒருசேரக் கொண்டுபோயிற்று. சிலேட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள்; எழுத்தும் வரவில்லை. ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த அரக்கனைப் போல, தம்மிடம் மிஞ்சியதையெல்லாம் அவர் அந்த ஒற்றை விரலில் வைத்திருந்தார்.

மற்றவர்களுக்கு அது வெறும் நடுக்கம். கருத்தம்மாளுக்கு எழுத்துத் தெரியாது, கோடு தெரியும். மண்டபம் ஊருக்குக் குடிவந்த புதிதில், மேல்வரும்படிக்காக அவர் வீட்டிலும் வரைந்த காலத்தில், பேனாவுக்கு மை ஊற்றிக் கொடுத்தவள் அவள்தான். கண்ணுக்குத் தெரியும் சுவருக்குத் தடித்த கோடு. மண்ணுக்குள் மறைந்திருப்பதற்கு விட்டுவிட்டுப் போடும் கோடு. கட்டடத்தின் நடுவைக் காட்ட, நெடியதும் குறியதுமாக மாறி மாறி வரும் கோடு. எதற்கு எந்தப் பேனா என்று அவர் கேட்குமுன்பே எடுத்து நீட்டுவாள்.

நேற்று அவர் தம் வயிற்றின்மேல் விட்டுவிட்டுக் கோடு போட்டார். "உள்ள வலிக்குதாம்" என்றாள். கம்பவுண்டர் அங்கே அழுத்திப் பார்த்தபோது நோயாளியின் முகம் சுருங்கிற்று. அதன்பிறகு அவள் சொல்லும் அர்த்தத்தை அந்த வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

"பேச்சு நின்னும் மனுசனுக்கு ஆபீசு நிக்கல பாரு தங்கச்சி" என்றார், கால்மாட்டில் அமர்ந்திருந்த பக்கத்து வீட்டு ஹமீது சுல்தான். கூத்தையாவோடு வாரந்தோறும் சண்டையிட்டு வாரந்தோறும் சேர்ந்துகொண்டவர். "ரிட்டையரான ஆளு போடுற பிளான எவன் பாஸ் பண்ணுவான்?"

கருத்தம்மாள் சிரிக்கப் பார்த்தாள். அதற்குள் மகன் தங்கசாமி வாசலிலிருந்து வந்தான்.

"அவ வந்து நிக்கிறா."

யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சுதந்திரம் வந்த மறு வருடம், அபிராமத்துக்காரன் ஒருவனைத் தானே தேடிக் கட்டிக்கொண்டு மகள் இராமலட்சுமி போனாள். "இனி அந்தப் பக்கம் சுவருதான், வாசல் கெடையாது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர் கூத்தையா. அன்று முதல் அவள் பெயர் அந்த வீட்டில் ஒலித்ததில்லை.

"உள்ள வரச் சொல்லுலே. உசுரு போற நேரத்துல என்ன வீம்பு?" என்றார் ஹமீது சுல்தான்.

"நீங்க சும்மா இருங்க மாமா. அய்யா சொன்னத நான் மாத்த மாட்டேன். அவரு வாயால வேணாம், அந்த வெரலாலயாச்சும் சொல்லட்டும்." தங்கசாமி தந்தையின் காதருகே குனிந்தான். "அய்யா, ராமலெச்சுமி வந்திருக்கா. உள்ள விடவா?"

கூத்தையாவின் விழிகள் மெல்லத் திரும்பின. விரல் அசைந்தது.

கருத்தம்மாள் அதன் போக்கைப் பார்த்தாள். துணியே சுருங்கி இழுபடும்படியான அழுத்தம். கட்டில் ஓரத்திலிருந்து இடுப்புவரை ஒரே கோடு. பிறகு அதற்கு இணையாக இன்னொன்று. சுவர். கதவு வைப்பதென்றால் நடுவில் கோடு நின்றிருக்கும். இடைவெளி விட்டு, மெலிதாக ஒரு வளைவு இறங்கியிருக்கும். விரல் எங்கும் நிற்கவில்லை. இடுப்புவரை வந்து, மறுபடி முதலிலிருந்து அதே சுவரைப் போட்டது.

"என்னம்மா சொல்றாரு?"

வாசல்நிலைக்கு அப்பால் மகளின் சேலைத் தலைப்பு, மேற்கிலிருந்து அடித்த கச்சான் காற்றில் படபடத்தது. அவள் அழவில்லை. பதிலுக்காகக் காத்து நிற்பது மட்டும் தெரிந்தது.

"கதவு போடுறாரு" என்றாள் கருத்தம்மாள்.

"நெசமாவா?"

"அவருக்கு மை ஊத்துனது நீயாலே, நானா?"

தங்கசாமி தாயின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு வழியை விட்டு விலகினான்.

இராமலட்சுமி கட்டிலருகே மண்டியிட்டாள். "அய்யா" என்றாள். கையை ஊன்றிக்கொள்ள இடம் தேடி விரிப்பின்மேல் வைத்தாள். சுவரைப் போட்டுக்கொண்டே வந்த விரல் அந்தக் கையில் முட்டி நின்றது. சுற்றிப் போகுமா, ஏறிக் கடக்குமா என்று கருத்தம்மாள் பார்த்தாள். அது அங்கேயே கிடந்தது. பிறகு நகரவே இல்லை. உச்சிப் பொழுதுக்கு முன்பே எல்லாம் அடங்கிற்று.

குளிப்பாட்டுவதற்காக அவரைத் தூக்கிப் போனார்கள். ஹமீது சுல்தான் வாசலில் தலையைக் குனிந்து நின்றார். உள்ளே கட்டிலும் விரிப்பும் தாயும் மகளும் எஞ்சினார்கள்.

"எங்கனம்மா போட்டாரு, கதவ?"

கருத்தம்மாள் துணியைத் தடவினாள். அதில் ஒன்றுமில்லை. சற்றுமுன் மகள் கை வைத்திருந்த இடத்தைக் காட்டினாள். "இங்கன."

"இத வெளுக்கப் போடாதம்மா. நான் எடுத்துக்கிறேன்."

கருத்தம்மாள் இரண்டு முனைகளைப் பிடித்தாள். எதிர்ப்புறம் மகள் மற்ற இரண்டையும் பிடித்துக்கொண்டாள். மடிப்புக்கு மடிப்பு இருவரும் நெருங்கி வந்தார்கள். அந்த ஓரிடத்தில் மட்டும் சுருக்கம் விழாதபடி இராமலட்சுமி துணியை விலக்கி விலக்கிப் பிடித்தாள்.