கழுத்தடியில் ஒரு நீலப் புள்ளி

“சின்ன வயசுல கழுத்துக்குக் கரண்ட் வெச்சிருக்காங்களாம்மா?”

கதிர்வீச்சு வைத்தியத்துக்கு ஊரில் வழங்கும் பெயரைச் சொல்லியே டாக்டரம்மா கேட்டார். கேட்டது ஃபீபியிடம். பதில் சொன்னது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் மாமியார் ஞானசுந்தரி.

“ஐயையோ, அதெல்லாம் கிடையாதும்மா. நல்லா விசாரிச்சுத்தான் பொண்ணெடுத்தோம். ஜுரம்னு ஒரு நாள் படுத்ததில்லையாம். பேரணாம்பட்டுத் தண்ணி அப்பிடி.”

டாக்டரம்மா சிரித்தார். ஃபீபியும் சிரித்தாள். எவ்வளவு சுலபமாக வருகிறது இந்தச் சிரிப்பு என்று அவளுக்கே பயமாக இருந்தது.

“அப்போ பயப்பட வேண்டாம். தைராய்டுல சின்னக் கட்டிதான். ஸ்கேன்ல சாதுவாத் தெரியுது. ஒரு வருஷம் கழிச்சு வாங்க, மறுபடி பார்க்கலாம்.”

“ஸ்தோத்திரம் ஆண்டவரே!”

ஞாயிற்றுக்கிழமை சபையில், ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்லும் சாட்சி நேரத்தில், இதை எழுந்து நின்று சொல்லப்போகிறாள் ஞானசுந்தரி. தொலைந்த வளையல் கிடைத்ததற்கும், சர்க்கரை கம்மியானதற்கும், ஆம்பூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததற்கும்கூடச் சாட்சி சொன்னவள். “எங்கம்மா எழுந்தாலே பாஸ்டர் வாட்சைப் பார்ப்பாரு” என்று ஃபீபியின் கணவன் எபனேசர் கேலி செய்வான்.

ஃபீபியின் அம்மா சொல்ல வேண்டிய சாட்சி ஒன்று சொல்லாமலே போயிற்று.

ஒன்பது வயதில் ஃபீபிக்குக் கழுத்தில் நெறி கட்டியது. கேன்சர் என்றார்கள். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. பிறகு, முகத்துக்கும் கழுத்துக்கும் அச்செடுத்த மூடியை மாட்டி, அசையாதே என்று படுக்கவைத்துவிட்டு எல்லாரும் வெளியே போய்க் கதவை மூடிக்கொள்வார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா ஜெபித்துக்கொண்டிருப்பாள். பிள்ளை பிழைத்தால் சபை நடுவில் சாட்சி சொல்வதாகப் பொருத்தனை. பிள்ளை பிழைத்தது. அம்மா சாட்சி சொல்ல எழுந்திருக்கவில்லை.

“சொன்னா நாளைக்கு உன்னை யார் கேப்பாங்க?”

தெருவில் டைபாய்டு என்று சொல்லிவைத்தாள். கதிர் விழ வேண்டிய இடத்துக்கு அடையாளமாகக் காறையெலும்பின் மேல் குத்தியிருந்த நீலப் புள்ளியை மச்சம் என்றாள். வருஷா வருஷம் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, ஃபீபி வயசுக்கு வந்ததும் அதையும் நிறுத்திவிட்டாள். சாகிறவரைக்கும் சாட்சி நேரம் வந்தால் குனிந்து முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருப்பாள்.

ஷூ கம்பெனியில் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பது ஃபீபியின் வேலை. பூச்சு அடித்தபின் பழைய காயம் கண்ணுக்குத் தெரியாது, விரலில் தட்டுப்படும். தன் கழுத்துக் கட்டியையும் அவளேதான் கண்டுபிடித்தாள். இப்போது வராந்தாவில் நடக்கும்போது கட்டியைப் பற்றிக்கூட அவள் அவ்வளவாக நினைக்கவில்லை. இன்னும் ஒரு வருஷம் அந்தச் சிரிப்பையே சிரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் தாங்கவில்லை.

“அத்தை, இங்கயே உட்காருங்க. ஒண்ணு கேக்க மறந்துட்டேன்.”

திரும்பிப் போய், நின்றபடியே சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“இதத்தானேம்மா முதல்லயே கேட்டேன்?”

“அத்தை இருந்தாங்க.”

“சின்ன வயசுல கரண்ட் வெச்ச கழுத்துல, எத்தனையோ வருஷம் கழிச்சும் தைராய்டு கேன்சர் வர வாய்ப்பு ஜாஸ்தி. இது அதுதான்னு சொல்லல. ஆனா ஒரு வருஷம் காத்திருக்க வேணாம். இந்த வாரமே ஊசியில கொஞ்சம் எடுத்துப் பார்த்துடலாம்.”

வெளியே வந்தவளைப் பார்த்ததுமே ஞானசுந்தரி எழுந்தாள். “இன்னாம்மா, முகமே சரியில்ல?”

ஃபீபி எல்லாவற்றையும் சொன்னாள். அவள் நினைத்த சத்தம் வரவில்லை. ஞானசுந்தரி அந்த நீலப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிரசவத்துல தெனம் எண்ணெய் தேச்சுவிட்டேனே. மச்சம்னுதானே நெனச்சேன்…” ஃபீபியின் கையைப் பிடித்து, “பாப்பாவுக்கு வருமா?”

“இதனால வராதாம். கேட்டுட்டேன்.”

“எபனேசருக்குத் தெரியுமா?”

“தெரியாது அத்தை.”

ஞானசுந்தரி அவள் துப்பட்டாவை இழுத்துப் புள்ளியை மூடினாள். “அவங்கிட்ட நான் பேசிக்கறேன். ஊசிக்கும் கூட வர்றேன். ஆனா சபையில யார்கிட்டயும் மூச்சு விடாத. நாளைக்கு நம்ம பாப்பாவ யார் கேப்பாங்க?”

ஃபீபிக்கு இறந்துபோன அம்மா பக்கத்தில் வந்து நிற்பது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரம் வந்தது. பாஸ்டர் வழக்கம்போல் ஞானசுந்தரி பக்கம் பார்த்தார். அவள் வேதாகமத்தைப் பிரித்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்து வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஊசி போட்ட இடம் ஃபீபிக்கு இன்னும் வலித்தது. சோதனை முடிவு வரவில்லை.

மடியில் இருந்த மகள் துப்பட்டாவை விலக்கி, கழுத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தொட்டாள்.

“இன்னாம்மா இது?”

மாமியாரின் விரல்கள் பக்கம் புரட்டுவதை நிறுத்தின. ஃபீபி குழந்தையின் கையை எடுத்துத் தன் கைக்குள் மூடிக்கொண்டாள்.

“எறும்பு கடிச்சிருச்சு” என்றாள்.