நாடாவில் இல்லாத பெயர்

முதலில் வாசிக்கப்பட்டது மீனவர் சங்கத்தின் மலர்வளைய நாடாவா, பள்ளிக்கூடத்தினுடையதா என்று குன்வோருக்கு இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. மூன்றாவது மட்டும் மறக்கவில்லை.

படகுத்துறையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தபோதே இதயம் நின்றுபோன அப்பா, தேவாலயத்தில் பெட்டிக்குள் கிடந்தார். அத்தை அஸ்த்ரி ஒவ்வொரு வளையத்தின் பட்டுநாடாவையும் விரித்து, அதில் எழுதியிருந்ததை வழக்கப்படி எல்லோருக்கும் கேட்க வாசித்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் மேலிருந்த வெள்ளை ரோஜாக்களுக்கு வந்தாள்.

"எல்லாத்துக்கும் நன்றி, அப்பா. குன்வோர்."

அத்தை நாடாவைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றுமில்லை. யாரோ இருமினார்கள். எட்டு மாதம் முன்பு அப்பா கட்டிக்கொண்ட ஹெர்டிஸ், முதல் வரிசையில் குன்வோரின் பக்கத்தில் கையுறையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். மனைவியின் பெயரில் ஒரு பூகூட இல்லை என்பது தீவு முழுக்க விளங்கிவிட்டது.

பூக்கடையில் இரண்டு பெயர்களையும் எழுதிக் கொடுத்தவள் ஹெர்டிஸ்தான். முந்தாநாள் பள்ளி விட்டதும் அங்கே போய், "ஹெர்டிஸ் அனுப்பினாங்க. என் பேர் மட்டும் போதுமாம்" என்று சொன்னவள் பதினொரு வயது குன்வோர். அம்மா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்த காப்பி மேசையில் அத்தை ஆரம்பித்தாள். "ஏன் அண்ணி, உங்க பேருக்கு நாடாவுல இடம் பத்தலையா?"

"வேண்டாம்னு நான்தான் சொன்னேன்."

"நல்லாயிருக்கு. அப்ப பிள்ளையும் வேண்டாம்னு சொல்லிருங்க. நாளைக்குப் படகுல என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

ஹெர்டிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். "அதை அவ சொல்லட்டும்."

இருவரும் குன்வோரைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் ஹெர்டிஸே அனுப்பிவிடுவாள். சொல்லாவிட்டால் அத்தை கூட்டிப்போகாமல் விடமாட்டாள். குன்வோர் ரொட்டியின் மேலிருந்த இறால்களை ஒவ்வொன்றாக ஓரம் ஒதுக்கினாள்.

வீட்டுக்குப் போகும்போது காரில் குன்வோர் கேட்டாள்:

"பூக்கடைக்காரங்க உன்கிட்ட சொல்லிட்டாங்களா?"

"நேத்தே போன் பண்ணிக் கேட்டாங்க."

"அப்ப ஏன் மாத்தச் சொல்லல?"

ஹெர்டிஸ் வேகத்தைக் குறைத்தாள். எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டாள்.

"பெல்ட்டைப் போடு," என்றாள்.

மறுநாளும் குன்வோர் வருகிறேன் என்று சொல்லவில்லை; அத்தை படகில் தனியாகத்தான் போனாள். பிறகு கிறிஸ்துமஸ் அட்டை மட்டும் வரும். குன்வோர் பத்தொன்பது வயதுவரை அந்த வீட்டில் இருந்து, துரொம்சோ நகரில் நர்ஸ் ஆனாள். ஹெர்டிஸ் மீன் ஆலை வேலையிலிருந்து ஓய்வுபெற்று, தீவிலேயே இருக்கிறாள். ஞாயிறுதோறும் இருவரும் போனில் பேசுகிறார்கள். பேச ஒன்றுமில்லாதபோதும் யாரும் முதலில் வைப்பதில்லை.